தரம் 7 பிள்ளைக்கு நீளம் பாய்தல் மட்டும் போதுமா? கோச் சொல்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை

களுவாஞ்சி அப்பா | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகளுக்கு 12 வயது. இந்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றரிலும் நீளம் பாய்தலிலும் முதலாம் இடம். வலய மட்டத்தில் நீளம் பாய்தலில் இரண்டாம் இடம். அதற்குப் பிறகு வெளியில் பயிற்சி கொடுக்கும் ஒருவர் அவளைப் பொறுப்பெடுத்தார். நல்ல மனிதர். காசுக்கு நிற்பதில்லை, நேரத்துக்கு வருவார், பிள்ளைகளை ஏசமாட்டார். பாய்கிற குழி மழைக்குப் பிறகு கல்லாக இறுகிக் கிடக்கும். அவரே மண்வெட்டியால் கொத்திக் கிளறிய பிறகுதான் பிள்ளைகளைப் பாய விடுவார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாரும் அவரைத் திட்டி எழுத வேண்டாம்.

போன கிழமை அவர் சொன்னார்: இனி வலைப்பந்து வேண்டாம், நீளம் பாய்தல் மட்டும், கிழமைக்கு ஆறு நாள், இரண்டரை மணித்தியாலம். இப்போதே தொடங்கினால்தான் 16 வயதுப் பிரிவில் தேசிய மட்டத்துக்குப் போகலாமாம். மகளிடம் கேட்டேன். "சேர் சொன்னா சரிதான்" என்றாள். ஆனால் வலைப்பந்து உடுப்பை மடித்து அலுமாரியின் ஆக அடித்தட்டில் வைத்திருக்கிறாள், பழைய பெட்சீற்றுக்குக் கீழே.

மனைவிக்கு இரண்டும் வேண்டாம். "பாய்ஞ்சது காணும், கணக்கு ரியூசனுக்குப் போகட்டும்" என்கிறார். என்ன செய்யலாம்?


சாய்ந்தமருது நானா | ஞாயிறு, இரவு 10.15

கோச் சொல்வதில் என்ன பிழை? என் மகன் 9 வயதிலிருந்து கிரிக்கெட் மட்டும்தான். கொழும்பில் ஆறு வயதுப் பிள்ளை வலைக்குள் நின்று பயிற்சி எடுக்கிறது. நம் பிள்ளைகள் 15 வயது வரை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்தால் அவர்களை எப்போது பிடிப்பது? டைகர் வூட்ஸ் இரண்டு வயதிலேயே தொலைக்காட்சியில் கோல்ஃப் அடித்துக் காட்டியவர். எதிலும் கெட்டிக்காரனாக வரப் பத்தாயிரம் மணித்தியாலம் பயிற்சி வேண்டும் என்கிற கணக்கு தெரியும்தானே. முந்தித் தொடங்கினவன் முந்தி முடிப்பான்.

ரியூசன் விசயத்தில் உங்கட வீட்டுக்காரி சொல்வதும் சரி. இரண்டையும் செய்யலாம், மற்றதை எல்லாம் விட்டால்.


வாவி மீன் | ஞாயிறு, இரவு 10.22

டைகர் வூட்ஸுக்கு ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் இருக்கவில்லை நானா.


பழைய ஸ்பைக் | ஞாயிறு, இரவு 11.05

எனக்கு 43 வயது. கோயிலில் எல்லாரும் தரையில் இருந்து சாப்பிடும்போது எனக்கு மட்டும் கதிரை கொண்டுவருவார்கள். முதலில் வெட்கமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

14 வயதில் முப்பாய்ச்சலில் மாகாண மட்டம் போனவன் நான். என் கதையைக் கேட்டால் ஒரே விளையாட்டில் விட்டதால் முழங்கால் போனது என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. நான் ஐந்து விளையாட்டுக்காரன். எங்களுடையது சின்னப் பள்ளிக்கூடம். ஓடக்கூடிய பையன்கள் நாலு பேர், எல்லாப் போட்டிக்கும் அந்த நாலு பேர்தான். காலையில் உதைபந்து, பின்னேரம் அஞ்சல் ஓட்டம், சனிக்கிழமை கரப்பந்து, ஞாயிறு எல்லே, இதற்கு நடுவில் முப்பாய்ச்சல். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சேர். அவரவர் கணக்கில் நான் கிழமைக்கு மூன்று நாள்தான் பயிற்சி எடுத்தேன். என் காலின் கணக்கை ஒருவரும் பார்க்கவில்லை.

அதனால் "பல விளையாட்டு நல்லது, ஒரு விளையாட்டு கெட்டது" என்று யாராவது எழுதப்போனால், எங்கள் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது.


பிஸியோ தம்பி | திங்கள், காலை 6.30

நான் அக்கரைப்பற்றுப் பக்கம் பிஸியோதெரபி செய்கிறவன். வேலைக்குப் போகமுதல் எழுதுகிறேன்.

ஸ்பைக் அண்ணன் சொன்னதை ஆய்வுகளும் வேறு விதமாகச் சொல்கின்றன. ஒரே விளையாட்டில் சிறப்புப் பயிற்சி என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் பயிற்சி, ஒன்றுதான் பிரதான விளையாட்டு, அதற்காக மற்றவற்றை விட்டுவிடுவது. மூன்றும் சேர்ந்தால் ஆபத்து கூட. இந்தப் பிள்ளைக்குக் கோச் சொல்கிற திட்டத்தில் மூன்றும் இருக்கிறது.

அடுத்தது மணித்தியாலம். அமெரிக்காவில் நீரு ஜயந்தி என்ற மருத்துவரின் குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2015 இல் வெளியிட்ட முடிவு மனதில் நிற்கக்கூடியது: பிள்ளையின் வயது எத்தனையோ, கிழமைக்கு அத்தனை மணித்தியாலத்துக்கு மேல் ஒழுங்குபடுத்திய பயிற்சி போனவர்களுக்குத்தான் பாரமான காயங்கள் அதிகம் வந்தன. 12 வயதுக்கு 12 மணித்தியாலம். இங்கே ஆறு நாளும் இரண்டரை என்றால் 15. ஸ்பைக் அண்ணனின் பிள்ளைக்காலத்தைக் கணக்குப் பார்த்தால் 20ஐத் தாண்டும் போலிருக்கிறது. ஐந்து விளையாட்டாக இருந்தாலும் முழங்காலுக்கு ஒரே பாய்ச்சல்தான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2016 அறிக்கை 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் இறங்கவேண்டாம் என்கிறது. கிழமைக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு, தன் பிரதான விளையாட்டிலிருந்து வருடத்துக்கு மொத்தம் மூன்று மாத விடுப்பு. சேர்ந்தாற்போல் மூன்று மாதமாக இருக்கத் தேவையில்லை, ஒவ்வொரு மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம். ஜிம்னாஸ்டிக் போல உடல் முதிரும் முன்பே உச்சம் வரும் விளையாட்டுகளின் கதை வேறு. நீளம் பாய்தல் அதில் சேராது.

களுவாஞ்சி அண்ணன், ஒன்று கேட்கிறேன். பிள்ளை சமீபத்தில் உயரமாக வளர்ந்தாளா? படி ஏறும்போது, முழங்காலில் நிற்கும்போது, குந்தி இருக்கும்போது முகம் சுளிக்கிறாளா?


சாய்ந்தமருது நானா | திங்கள், காலை 8.10

அமெரிக்கக் கணக்கு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு. அங்கே 16 வயதில் தொடங்கினாலும் பல்கலைக்கழகத்தில் காசு கொடுத்து விளையாட வைப்பான். இங்கே யார் வைப்பான்?


திருக்கோவில் ரீச்சர் | திங்கள், பகல் 1.45

நானா கேட்ட கேள்விதான் உண்மையான கேள்வி. நான் உடற்கல்வி ஆசிரியை, 17 வருடம். இடைவேளைக்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

15, 16 வரை பொறு என்று அந்த மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் பிள்ளைக்கு 16 என்றால் சாதாரண தரப் பரீட்சை. பத்தாம் ஆண்டு தொடங்கியதும் பெற்றோர் வந்து "ரீச்சர், இனி விடுங்கோ" என்பார்கள். பெண் பிள்ளை என்றால் அதற்கும் முந்தி. வயசுக்கு வந்த பிறகு அரைக்காற்சட்டையோடு மைதானத்தில் நிற்பதா என்று வீட்டில் பேச்சு வரும், ஆச்சிமார் தொடங்குவார்கள். 13 வயதில் நன்றாக ஓடிய பிள்ளை 14 வயதில் பார்வையாளர் பந்தலில் இருப்பாள். இதை நான் எத்தனை தடவை பார்த்துவிட்டேன். ஆக எங்களிடம் ஒரு பிள்ளை இருப்பது ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டு வரை, வெறும் நாலு வருடம். அதற்குள் அறுவடை செய்யவேண்டும் என்று பயிற்றுநர்கள் அவசரப்படுவது பேராசையால் மட்டும் அல்ல. கதவு மூடப்போகிறது என்று தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இங்கே தேசிய மட்டப் பதக்கம் ஒலிம்பிக்குக்கான படி அல்ல. உயர்தரத்துக்கு நல்ல பாடசாலையில் இடம், பல்கலைக்கழக விசேட அனுமதிக்கு ஒரு சான்றிதழ், பிறகு வேலை. ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய விசயம். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் என் சக ஆசிரியர்களையும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஸ்பைக் தம்பி எழுதியது அப்படியே உண்மை. பாடசாலைக்குப் புள்ளி வேண்டும், அதிபருக்குக் கேடயம் வேண்டும், ஓடக்கூடிய பிள்ளையை எல்லாரும் பங்குபோடுகிறோம். நானும் செய்திருக்கிறேன்.


பிஸியோ தம்பி | திங்கள், பகல் 2.20

மிஸ், நீங்கள் சொன்னதற்குப் பொருத்தமான ஒரு ஆய்வு இருக்கிறது. ஜெர்மனியின் குல்லிக்கும் இன்னும் இருவரும் 2021 இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 6,000க்கும் அதிகமான வீரர்கள். இளையோர் பிரிவில் முன்னுக்கு வந்தவர்கள் முந்தியே தொடங்கி, தங்கள் விளையாட்டையே அதிகம் பயின்றவர்கள். ஆனால் வளர்ந்த பிறகு உலகத் தரத்தில் நின்றவர்கள் பிந்தித் தொடங்கியவர்கள், சிறுவயதில் வேறு விளையாட்டுகளும் அதிகம் விளையாடியவர்கள், ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள்.

அதாவது கோச் பொய் சொல்லவில்லை. 16 வயதுப் பதக்கம் வேண்டும் என்றால் அவருடைய வழி வேலை செய்யும். 25 வயதிலும் பாயவேண்டும் என்றால் அது வேறு வழி. நானா சொன்ன பத்தாயிரம் மணித்தியாலமும் விளையாட்டிலிருந்து வந்தது இல்லை. எரிக்சன் 1993 இல் பெர்லினில் வயலின் மாணவர்களைப் பார்த்துச் செய்த ஆய்விலிருந்து பிறகு ஊதிப் பெருத்தது. வயலினுக்கு முழங்கால் இல்லை.


வாவி மீன் | திங்கள், பகல் 2.31

உசைன் போல்ட் முதலில் கிரிக்கெட்தான் விளையாடினார். அவருடைய கிரிக்கெட் கோச்தான் ஓடப் போகச் சொன்னாராம். நானாவின் மகனையும் ஒருக்கா ஓடவிட்டுப் பாருங்கள்.


சாய்ந்தமருது நானா | திங்கள், மாலை 5.50

பகிடி இருக்கட்டும். அதே போல்ட் 2002 இல் 15 வயதிலேயே 200 மீற்றரில் உலக இளையோர் சம்பியன். பிந்தித் தொடங்கியவர் என்று எப்படிச் சொல்வது? உங்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்.


பிஸியோ தம்பி | திங்கள், மாலை 6.15

அது சரி நானா, ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஆளை வைத்து எதையும் நிறுவ முடியாது. டைகர் வூட்ஸும் ஒரு ஆள்தான். 😀

ஒன்று கேட்கட்டுமா, மகன் என்ன, வேகப்பந்தா?


சாய்ந்தமருது நானா | திங்கள், இரவு 8.40

வேகப்பந்துதான். 14 வயது. கேட்டதால் சொல்கிறேன், மூன்று கிழமையாக இடுப்புக்கு மேலே முதுகு நோகிறது என்கிறான். பந்து போடும்போது மட்டும். மற்ற நேரம் ஒன்றும் இல்லை. உம்மா எண்ணெய் தேய்த்துவிடுகிறா.


பிஸியோ தம்பி | திங்கள், இரவு 8.52

நானா, இதைத் தள்ளிப்போடவேண்டாம். வளர்கிற வயதில் வேகப்பந்து போடுகிறவர்களுக்கு கீழ் முதுகெலும்பில் அழுத்த வெடிப்பு வருவது தெரிந்த விசயம். அதற்காகத்தான் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வயதுக்கு ஏற்ப இத்தனை ஓவர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பாடசாலைப் போட்டியில் எண்ணுவார்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் கடற்கரையில் ரெனிஸ் பந்தில் போடுகிற ஓவரை யார் எண்ணுவது? பந்து போடுவதை உடனே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் தேய்ப்பதையும் நிறுத்துங்கள். முந்திப் பிடித்தால் பெரும்பாலும் ஓய்விலேயே ஆறும்.


சாய்ந்தமருது நானா | திங்கள், இரவு 9.03

சரி.


கூடைப்பந்துக் கிழவன் | செவ்வாய், காலை 5.20

வயதானவன், அதிகாலையில் எழும்புகிறவன். எல்லாவற்றையும் வாசித்தேன்.

மட்டக்களப்பில் கூடைப்பந்து இவ்வளவு வேரூன்றியதற்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கமிருந்து வந்த யேசுசபைக் குருமார்தான் காரணம். வெபர் மைதானம் அப்படி வந்த அருட்தந்தை வெபரின் பெயரில்தான் இருக்கிறது. அவர் ஒரே விளையாட்டுக்காரர் இல்லை. அந்தக் காலத்துப் பையன்களும் அப்படித்தான், கூடைப்பந்து விளையாடுகிறவன்தான் ஓடுவான், பாய்வான். அதனால் முழங்கால் போனவர்களும் இருந்தார்கள், மறைக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் போகவில்லை. ஏன் என்று நான் யோசிப்பதுண்டு.

எனக்குத் தோன்றும் காரணம் மாரி. ஐப்பசி கடைசியில் மழை தொடங்கினால் மைதானம் எல்லாம் குளம். கார்த்திகை, மார்கழியில் ஒருவனும் ஓட முடியாது. வெள்ளம் வந்தால் தை வரைக்கும் இழுபடும். வீட்டில் இருந்து கரம் விளையாடினோம், வாவிக்கரையில் தூண்டில் போட்டோம், தின்றோம், படுத்தோம், வளர்ந்தோம். தம்பி எழுதிய அந்த மூன்று மாத ஓய்வை எங்களுக்கு வானம் கொடுத்தது. யாரும் அதை ஓய்வு என்று சொல்லவில்லை, மழை என்றோம். இப்போது மழை பெய்தால் மண்டபத்துக்குள் சீமெந்துத் தரையில் பாய வைக்கிறார்கள். கேட்டால், சித்திரைக்கு முன் தயாராக வேண்டுமாம்.

அடுத்தது, ஒரு வயதுப் பிரிவு என்றால் இரண்டு வருடம். அதில் தை மாதம் பிறந்தவனும், அடுத்த வருட மார்கழியில் பிறந்தவனும் ஒன்றாக ஓடுகிறார்கள். முந்தி வளர்ந்தவன் வெல்வான். வெல்கிறவனைத்தான் கோச் எடுப்பார். பிந்தி வளர்கிறவன் கிரவுண்டை விட்டே போய்விடுவான். 13 வயதில் ஒருவனைத் தெரிவு செய்வது பல நேரம் மீசையைத் தெரிவு செய்வதுதான்.


பழைய ஸ்பைக் | செவ்வாய், காலை 7.15

ஐயா சொன்ன சீமெந்துத் தரை. ஐயோ. வாசிக்கும்போதே முழங்கால் கடுக்கிறது.


களுவாஞ்சி அப்பா | செவ்வாய், இரவு 9.30

பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னிக்கவேண்டும். நேற்றே பிஸியோ தம்பி கேட்டதைப் பார்த்தேன். மகள் இந்த வருடம் உயர்ந்துதான் இருக்கிறாள், பாடசாலைச் சட்டை இரண்டு தடவை கரை இறக்கியாயிற்று. நான் அவளைக் கூப்பிட்டு முழங்காலைக் காட்டச் சொன்னேன். சில்லுக்குக் கீழே, எலும்பு தொடங்குகிற இடத்தில், ஒரு கச்சான் கொட்டை அளவு முண்டு. தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். பாயும்போது மிதிக்கிற கால்தான்.

மனைவி குசினியிலிருந்து எட்டிப்பார்த்து, "அது ரெண்டு மாசமா இருக்கு. ராத்திரியில தைலம் பூசி விடுறேன். உங்களுக்குச் சொல்ல வேணாம், சேர் நிப்பாட்டிப்போடுவார் எண்டு அழுதாள்" என்றார். பாய்ந்தது காணும் என்று அவர் சொன்னது ரியூசனுக்காக மட்டும் இல்லை போலும். நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன்.


பிஸியோ தம்பி | செவ்வாய், இரவு 9.48

அண்ணன், பயப்படவேண்டாம். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் ஒஸ்குட் ஷ்லாட்டர் என்று சொல்லுவது போல இருக்கிறது. 1903 இல் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்ததால் இரண்டு பெயர். தொடைத் தசை முழங்காற்சில்லு வழியாக வந்து கீழ்க்கால் எலும்பில் ஒட்டுகிற இடம் இந்த வயதில் இன்னும் குருத்தாகத்தான் இருக்கும். பிள்ளை வேகமாக வளரும்போது எலும்பு நீளுகிறது, தசை கூடவே நீளாமல் இறுகுகிறது. ஒவ்வொரு தடவை மிதித்து எழும்பும்போதும் அந்தக் குருத்தை அது பிடித்து இழுக்கிறது. பாய்கிற, உதைக்கிற பிள்ளைகளுக்குத்தான் அதிகம். வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் நோவு அடங்கிவிடும்.

ஆனாலும் ஒரு மருத்துவர் நேரில் பார்க்கவேண்டும், நான் இங்கிருந்து சொல்வது போதாது. இரவில் நோவால் எழும்பினால், காய்ச்சல் இருந்தால், முழங்கால் முழுவதும் வீங்கினால், நொண்டினால், நாளைக்கே போங்கள். மற்றப்படி பாய்ச்சலைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தவேண்டும், வலைப்பந்திலும் துள்ளுவதை. அதிலும் பாய்ச்சல் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். ஐஸ் வைக்கலாம். தொடையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மெதுவாக நீட்டும் பயிற்சியை நேரில் யாரிடமாவது பழகவேண்டும். நோவு விடுகிற அளவுக்கு நீந்தலாம், சைக்கிள் ஓடலாம்.


திருக்கோவில் ரீச்சர் | செவ்வாய், இரவு 10.05

பிள்ளை அழுதது முழங்கால் நோவுக்கு இல்லை, சேர் நிப்பாட்டிவிடுவார் என்று. அதைக் கவனியுங்கள் தம்பி. எத்தனை பிள்ளைகள் என்னிடமும் இப்படி மறைத்திருப்பார்களோ.


சாய்ந்தமருது நானா | வியாழன், பகல் 12.30

மகனை இன்று காட்டினோம். ஸ்கேன் எழுதித் தந்திருக்கிறார்கள். அதுவரை பந்தைத் தொடக்கூடாதாம். பெடியன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறான். துடுப்பு பிடிக்கவும் விடவில்லை. பிஸியோ தம்பிக்கு நன்றி. ஒரே விளையாட்டு விசயத்தில் நான் இன்னும் முழுக்க மனம் மாறவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.


களுவாஞ்சி அப்பா | சனி, இரவு 8.20

மருத்துவரும் பிஸியோ தம்பி சொன்னதையே சொன்னார். நாலு கிழமை பாய்ச்சல் இல்லை, பிறகு வந்து காட்டவேண்டும்.

கோச்சுக்குத் தொலைபேசியில் சொல்ல விரும்பவில்லை, வீட்டுக்கு வரச்சொன்னேன். தேநீர் குடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னேன். மணித்தியாலக் கணக்கையும் சொன்னேன், கிழவன் ஐயாவின் மாரியையும் சொன்னேன். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். அதே இடம். அதே முண்டு, ஆனால் பெரியது, கல் மாதிரி. "எனக்கு 13 வயசில வந்தது. வளர்ற நோவு எண்டு சொல்லி ஓட விட்டாங்க. இதுக்கு ஒரு பேர் இருக்கெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்" என்றார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

கிழமைக்கு மூன்று நாள் என்று பேசி முடித்தோம். 16 வயதுப் பிரிவு பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இன்று பின்னேரம் வேலையால் வந்தபோது வலைப்பந்து உடுப்பு தோய்த்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நாலு கிழமைக்கு விளையாட முடியாதே என்று கேட்டேன். திங்கட்கிழமை கோர்ட் ஓரத்தில் இருந்து புள்ளி எழுதப்போகிறாளாம். அதற்கும் உடுப்புப் போடவேண்டுமாம்.